பட்டாணித் தீவின் உயிர்காவலர்

அமெரிக்காவின் வட கரோலினாக் கரைக்கு அரணாய் நீளும் மணல் தீவுகளின் மக்களை அறிய விழைவோர், அங்குள்ள கலங்கரை விளக்கங்களைக் கண்டதோடு அமைதல் பொருந்தாது. அடிமையாய்ப் பிறந்த ரிச்சர்டு எதரிட்ஜ், 1880ஆம் ஆண்டில் அங்குப் பட்டாணித் தீவு எனப் பொருள்படும் பெயருடைய உயிர்காப்பு நிலையத்தின் தலைவரானார். அவர்தம் குழுவினர் யாவரும் கறுப்பினத்தவரே.

1896 அக்டோபர் 11 இரவு, 'இ. எஸ். நியூமேன்' என்னும் பாய்க்கப்பல் புயலில் சிக்கித் தரைதட்டிற்று. அலையின் சீற்றத்தில் படகை இறக்க இயலவில்லை. எனவே வீரர் இருவரைக் கயிற்றால் பிணைத்து நீந்தச் செய்தனர். இருவர் இருவராக மாறி மாறிச் சென்று, கப்பல் தலைவரின் மனைவி, குழந்தை உட்பட ஒன்பது பேரையும் கரைசேர்த்தனர்.

அதற்குரிய தங்கப் பதக்கம் 1996இல்தான் வழங்கப்பட்டது. இத்தாமதத்திற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எதரிட்ஜ் 1900இலேயே மறைந்திருந்தார். நிலையமும் 1947இல் மூடப்பட்டிருந்தது.