தம்பேதன்னையிலிருந்து பேங்கோர்வரை

வட அயர்லாந்தின் பேங்கோர், பெல்பாஸ்ட்டிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் தள்ளி, கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர். கி.பி. 558 அளவில் புனித கொம்கால் மடம் கட்டிய இடம். நகர அந்தஸ்து கிடைத்ததென்னவோ 2022இல்தான். மகள் பெல்பாஸ்ட்டில் தாதியாக இருக்கிறாள். வருகிற ஜூனில் அவளிடம் போகிறேன். "எல்லாரும் லண்டன் பாக்கணும்பாங்க. நீங்க ஏம்மா பேங்கோருங்கிறீங்க?" என்று தொலைபேசியில் சிரிக்கிறாள். இலங்கையின் அப்புத்தளை மலையில் பிறந்த எனக்கு அந்த ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது.

அப்புத்தளையில் தம்பேதன்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட் என்னும் முனையில் தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டனின் சிலை கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோ பிடித்து ஏறி வரும் வெள்ளைக்காரப் பயணிகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். லிப்டன் பிறந்தது ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோவில். ஆனால் தாயும் தகப்பனும் அயர்லாந்தில் க்ளோனிஸ் என்ற ஊருக்குப் பக்கத்தவர்கள். 1840களில் உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்து பட்டினி கிடந்த காலத்தில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள்.

அதே 1840களில்தான் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைகள் கூட்டங்கூட்டமாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் ஏராளம். இரண்டு பக்கமும் வயிறுதான் படகேற்றியது. ஒரு தலைமுறைக்குப் பிறகு அந்தப் படகில் போனவர்களின் மகன் மலையை வாங்கினான். இந்தப் படகில் வந்தவர்களின் பிள்ளைகள் அவன் மலையில் கொழுந்து எடுத்தார்கள்.

வாங்கியது 1890இல். 1869 முதல் பரவிய இலைநோயால் கோப்பி செத்து, தோட்டங்கள் மலிவாகக் கிடந்த நேரம். 1871இல் கிளாஸ்கோவில் ஒரு சின்ன மளிகைக்கடையோடு தொடங்கி, பன்றித்தொடையும் பட்டரும் விற்றுக் கடைகளைப் பெருக்கியிருந்த லிப்டன், இடைத்தரகர் இல்லாமல் தேயிலை விற்க வழி தேடி வந்தார். அப்புத்தளையில் தம்பேதன்னை உட்படச் சில தோட்டங்களை எடுத்தார். அப்போது அப்புத்தளை இருக்கும் ஊவாவுக்குக் கோச்சி இல்லை. தண்டவாளம் 1885இல் நானுஓயாவோடு நின்றிருந்தது. அப்புத்தளைக்கு வந்தது 1893இல், பதுளைக்கு 1924இல். கோச்சி வரும்வரை தேயிலைப் பெட்டிகளுக்கு மாட்டுவண்டிதான்.

லிப்டன் தொரை என்று எங்கள் சனம் சொன்னாலும் அவர் இங்கே குடியிருந்ததில்லை. பங்களாவுக்கு வந்து போனதோடு சரி. காலையில் ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் போட்டது கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான். சம்பளத்துக்குமுன் கடன் நின்றது. கடன் தொகையை எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. அந்தத் துண்டுமுறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்.

1898இல் லிப்டன் தன் வியாபாரத்தைப் பங்குக் கம்பெனியாக்கினார். சர் பட்டமும் அதே ஆண்டில் கிடைத்தது. மறு ஆண்டு, அமெரிக்கா கிண்ணம் என்ற பாய்க்கப்பல் போட்டியில் இறங்கினார். அதற்கு ஒரு படகுக் கழகத்தின் பேர் வேண்டும். இங்கிலாந்தின் மேட்டுக்குடிக் கழகமான ரோயல் யொட் ஸ்குவாட்ரன் இந்த மளிகைக்காரரை 1931வரை உள்ளே எடுக்கவில்லை. பேர் கொடுத்தது பேங்கோரின் ரோயல் அல்ஸ்டர் கழகம். அதன் கட்டடமும் 1899இல் எழுந்ததுதான். 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை, ஐந்து 'ஷாம்ரொக்' கப்பல்கள். ஐந்திலும் தோல்வி. தோற்ற விதத்தை மெச்சி அமெரிக்கர்கள் அவருக்குத் தனியாக ஒரு தங்கக் கிண்ணமே செய்து கொடுத்தார்கள். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்! கப்பலுக்குப் போன காசெல்லாம் எங்கள் கொழுந்துக் காசு என்று நான் சொல்லமாட்டேன். கடைக் காசும் இருந்தது. ஆனால் எங்கள் கொழுந்து இல்லாமல் அந்தப் பாய்கள் விரிந்திருக்காது.

இப்போது பயண ஆயத்தம். பேங்கோருக்குப் பிரித்தானிய விசா போதும். க்ளோனிஸ் எல்லைக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசில் இருப்பதால் அதற்கு வேறு விசா. இந்தமுறை அதை விட்டுவிட்டேன். ஜூனில் அங்கே இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்குமாம். குளிர் அப்புத்தளைக் குளிர்தான், பழைய சுவெட்டர் போதும். பெல்பாஸ்ட்டிலிருந்து பேங்கோருக்கு நேர்க் கோச்சி உண்டு.

விசாப் படிவத்தில் கை நின்ற இடம் ஒன்றே. பெற்றோரின் நாட்டுரிமை கேட்டிருந்தது. அம்மா பிறந்தது தோட்டத்து லயத்தில். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இப்படி நாடற்றுப்போன 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று. தாய்மாமா இந்தியாவுக்கு எழுதினார். எங்கள் குடும்பத்தின் முதல் பாஸ்போட் அவருடையதுதான். ஊரைப் பார்க்கக் கிடைத்ததல்ல, ஊரைவிட்டுப் போகக் கிடைத்தது. அம்மாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது 1980களில். மிச்சமிருந்தவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. சுற்றிப் பார்க்கவென்று கடல் கடக்கப்போகிற முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

ரோயல் அல்ஸ்டர் அங்கத்தவர் கழகம். நினைத்தபடி உள்ளே போக முடியாது. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். லிப்டனை அங்கே எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஷாம்ரொக் படங்களுக்குக் கீழே தம்பேதன்னை என்ற பேர் எங்காவது இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் எழுதிவைக்கச் சொல்லிக் கேட்பேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவளுக்கு, விட்டுப்போன சொல்லை நிரப்பச் சொல்வது பழகிய வேலைதான்.