விழுப்புரத்தில் மாறிய எஞ்சின்கள்

மீட்டர்கேஜ் நாட்களில் எழும்பூரிலிருந்து தெற்கே போனவர்களுக்கு விழுப்புரம் என்பது எஞ்சின் மாற்றுமிடம். 1960களில் மின்மயமாக்கப்பட்ட பாதை அங்கே முடிந்துவிடும். மின் எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினையோ, பின்னாளில் டீசல் எஞ்சினையோ மாட்டும்வரை வண்டி நிற்கும். பயணிகள் இறங்கிக் காப்பி குடிப்பார்கள்.

என் நினைவில் இன்னும் அழுத்தமாகப் பதிந்திருப்பது வேறொரு எஞ்சின் மாற்றம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர், பழைய என்.எச். 45. அச்சாலையோரப் பட்டறைகளில் அம்பாசிடர் கார்கள் மூக்கைத் திறந்துகொண்டு நிற்கும். உள்ளிருந்த பெட்ரோல் எஞ்சின் வேப்பமரத்தடியில் கிடக்கும். அதனிடத்தில் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின் சங்கிலியில் தொங்கியபடி மெல்ல இறங்கும்.

இதற்கு முன்னோடி உண்டு. சென்னை சிம்சன் நிறுவனம் 1950களிலேயே பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பெருந்தீனி தின்னும் பழைய அமெரிக்கக் கார்களுக்குள் அத்தகைய எஞ்சின்களைப் பொருத்தி வாடகைக்கு ஓட்டினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் பணக்காரர் பண்டமாயிற்று. லாரிக்கும் பம்புசெட்டுக்கும் வேண்டியதென்று டீசல் விலையை அரசு தாழ்வாகவே வைத்திருந்தது. வாடகைக் கார்க்காரரின் வாழ்வு அந்த விலை வித்தியாசத்தில்தான் தொங்கியது. 1980 வாக்கில் இந்துஸ்தான் மோட்டார்ஸே டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த 1489 சி.சி. எஞ்சினுக்கு நாற்பது குதிரைத்திறன்கூட இல்லை. கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு செஞ்சி மேட்டில் அது மூச்சுவாங்கும். மேட்டடார் எஞ்சினுக்கு மவுசு வந்தது இப்படித்தான்.

வேலை எளிதன்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தா. இடையில் வைக்க இரும்புத் தகடொன்றை லேத்தில் கடைந்தெடுக்க வேண்டும். கனம் கூடுவதால் முன்பக்க டார்ஷன் பாரை முறுக்கி ஏற்ற வேண்டும். டீசல் எஞ்சின் அதிகம் சுற்றாது என்பதால், ஓட்டம் வேண்டுமானால் பின்னச்சில் கிரவுன் பினியனையும் மாற்றியாக வேண்டும். தீப்பொறிக்கு வேலையில்லை, பம்பும் நாசிலும் ஹீட்டர் பிளக்கும் வந்துவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. டீசல் வரத்தை அடைக்க ஒரு கம்பியை இழுக்க வேண்டும். முதன்முறை அந்தக் காரில் ஏறியவர்கள் ஓட்டுநர் எதையோ பிடுங்குகிறார் என்று திடுக்கிட்டதுண்டு! அதிர்வில் கதவுக் கண்ணாடிகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்.

இத்தனையையும் வரைபடமின்றி, அளவுகோலும் அனுபவமும் கொண்டு செய்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மோட்டார் வரலாறு எழுதுவோர் உத்தர்பாராவின் தொழிற்சாலையைச் சொல்கிறார்கள், 2014இல் அது உற்பத்தியை நிறுத்தியதையும் சொல்கிறார்கள். அந்தக் காரை இன்னும் சில பத்தாண்டுகள் பிழைக்கவைத்த கொட்டகைகளை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். கூடிய கனத்துக்கேற்ப பிரேக்கை யாரும் மாற்றியதாக எனக்கு நினைவில்லை. புகையைப் பற்றி எவரும் கவலைப்பட்டதுமில்லை. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இறுக்கப்பட்டது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அங்கீகரிக்கப்பட்ட கருவித்தொகுப்பைப் பொருத்தி எரிபொருளை மாற்றுவதற்கு மட்டும் விதிமுறைகளோடு வழியுண்டு. மரத்தடி மாற்றத்துக்கு இல்லை.

எங்கள் தெருவில் அப்படியொரு கார் நின்றது. மார்கழி விடியலில் அதன் ஓட்டுநர் ஹீட்டரைப் போட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். பீடி பாதி கரைந்ததும் சாவியைத் திருப்புவார். தெரு முழுக்க எழுந்துகொள்ளும்.