அணுமின் விரிவாக்கம்: விபத்துக்கு யார் பொறுப்பு?

2047ஆம் ஆண்டுக்குள் 100 கிகாவாட் அணுமின் திறன் என்ற இலக்கை ஒன்றிய அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அப்போதைய திறன் 9 கிகாவாட்டைக்கூட எட்டவில்லை. எனவே தனியார் முதலீடும் அயல்நாட்டு உலைகளும் தேவை என்றும், 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் அணு இழப்பீட்டுச் சட்டமும் திருத்தப்படும் என்றும் அரசு கூறியது.

அந்த 2010 சட்டம் போபாலின் நிழலில் பிறந்தது. 1984 நச்சுவாயுப் பேரழிவுக்கு 1989இல் எட்டப்பட்ட உடன்பாடு 47 கோடி டாலர். முதற்கட்டத்தில் காயமுற்றோரில் பெரும்பாலோர் பெற்றது தலா 25,000 ரூபாய். குற்றவாளிகளுக்கு ஈராண்டுச் சிறை மட்டுமே என்ற 2010 ஜூன் தீர்ப்பு நாடெங்கும் சினத்தை எழுப்பியது. அதன் விளைவாகவே, கருவியில் குறைபாடு இருந்தால் அதை வழங்கிய நிறுவனத்திடமிருந்து உலை நடத்துநர் தொகையைத் திரும்பப் பெறலாம் என்னும் 17(ஆ) பிரிவு உருவானது. அயல்நாட்டு நிறுவனங்கள் தயங்கியதற்கு இப்பிரிவே முதன்மைக் காரணம்.

2025 டிசம்பரில் நிறைவேறிய 'சாந்தி' சட்டம் அவ்விரு சட்டங்களையும் நீக்கியது. இனி, ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலோ, வேண்டுமென்றே தீங்கு இழைக்கப்பட்டிருந்தாலோ மட்டுமே நடத்துநர் பிறரிடம் தொகையைத் திரும்பக் கோர முடியும். நடத்துநரின் பொறுப்பு உலையின் அளவைப் பொறுத்தது. உச்சவரம்பு 3,000 கோடி ரூபாய்.

மேற்பார்வையும் நெடுநாளைய சிக்கலே. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் நிருவாக ஆணையால் அமைந்தது. தான் கண்காணிக்க வேண்டிய துறையின் உச்ச அமைப்பான அணுசக்தி ஆணையத்துக்கே பதில் சொல்லி வந்தது. இக்குறையைத் தலைமைத் தணிக்கையாளர் 2012இல் சுட்டிக்காட்டினார். புதிய சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்துள்ளது. தகுதி மட்டும் தன்னாட்சி ஆகிவிடாது.

நாம் கேட்பது வேறொன்றும் உண்டு. இழப்பீடு கோருபவர் இழப்பை மெய்ப்பிக்க வேண்டும். பட்டா உள்ளவர் நிலத்தைக் காட்டுவார். ஊதியச் சீட்டு உள்ளவர் வருவாயைக் காட்டுவார். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்யும் தலித் பெண் எதைக் காட்டுவார்? கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அப்போது ஒப்பந்தத் தொழிலாளியை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்ததாரர் எங்கே இருப்பார்?

விதிகள் வகுக்கப்படும்போதே மூன்றை உறுதிசெய்ய வேண்டும்: ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் கதிர்வீச்சு அளவுப் பதிவும் அவர் கையில் தரப்பட வேண்டும்; நிலமற்றோரின் வாழ்வாதார இழப்புக்குக் குடும்ப அட்டையே சான்றாக ஏற்கப்பட வேண்டும்; இழப்பீட்டு மன்றம் அவர்கள் ஊர் தேடி வர வேண்டும். முதலீட்டாளரின் அச்சத்தைப் போக்கச் சட்டம் மாறியது. உலையருகே வாழ்வோரின் அச்சத்துக்கும் அது விடை சொல்ல வேண்டும்.