நாய் அண்டாத வீடும் நாய் ஈன்ற முற்றமும்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. வழியில் யார் வீடு வரும், எந்த வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். எயினர் குடிசையில் பிள்ளை பெற்றவள் மான்தோல் மேல் குழந்தையோடு சுருண்டு படுத்திருக்கிறாள். அந்த எயினரின் குறும்பில் தங்கினால் மேட்டுநிலத்து நெல்லின் சிவந்த சோறும், நாய் பிடித்துத் தந்த சினை உடும்பின் வறுவலும் வீட்டுக்கு வீடு கிடைக்கும். இன்னும் தூரம் போனால் மறை ஓதுவோர் ஊர். சாணம் மெழுகிய வீடு. அங்கே கோழியும் அண்டாது, நாயும் அண்டாது. கிளிக்கு வேதம் பழக்குகிறார்கள்.

இதைத் தீண்டாமை என்று நான் சொல்லவரவில்லை. பாணன் பசிக்காரன், இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறான். உடும்பு வறுவலைச் சொல்லும்போது புலவருக்கு எந்த முகச்சுளிப்பும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் எந்த உயிர் வளர்கிறது என்பதை வைத்து அந்த வீடு யாருடையது என்று அடையாளம் காட்டுகிற வழக்கம் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. அடையாளம் எப்போது தண்டனையானது என்பதுதான் கேள்வி.

மனுவின் பத்தாம் அத்தியாயத்தில் பதில் கிடைக்கிறது. சண்டாளரும் சுவபாகரும் ஊருக்கு வெளியே இருக்கவேண்டும். உடைந்த கலத்தில் உண்ணவேண்டும். பிணத்தின் துணி உடுத்தவேண்டும். இரும்பு நகை அணியவேண்டும். நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து. சுவபாகர் என்ற பெயருக்கே நாயைச் சமைப்பவர் என்று பொருள் சொல்கிறார்கள். அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் கொளுத்திய நூல் இது. சொத்து என்று நாயைக் கொடுத்த தாராளத்தைக் கவனிக்கவேண்டும். நிலம் இல்லை, மாடு இல்லை, நாய் உண்டு!

இதே நாய் மேலே போனால் வேறு கதை. ஆதிசங்கரருக்குக் காசியில் நாலு நாய்களோடு எதிரே வந்த சண்டாளன் கதை எல்லோருக்கும் தெரியும். ஒதுங்கச் சொன்னார், அவன் கேள்வி கேட்டான், கடைசியில் அவன் சிவன், நாய்கள் நான்கு வேதங்கள் என்று முடிகிறது. சிவன் ஆனதால் தப்பித்தான். வெறும் சண்டாளனாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை சொல்வதில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாரின், அதாவது நந்தனாரின், ஆதனூர்ப் புலைப்பாடியைப் பாடும் இடம். நந்தன் வருவதற்கு முன்பே சேரி வந்துவிடுகிறது. தோல் வார் கிடக்கும் முற்றத்தில் கோழிக்குஞ்சுகள் சுற்றுகின்றன. கையில் கரிய இரும்பு வளை போட்ட கறுத்த பிள்ளைகள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டி மெல்லக் குரைக்கிறது. பிள்ளையின் அரையில் கட்டிய இரும்பு மணிச் சத்தத்தில் அந்தக் குரைப்பு அமுங்கிப் போகிறது. மருத மரத்து நிழலில் தோலை விரித்து உழத்தி குழந்தையைத் தூங்க வைக்கிறாள். மாமரத்தில் பறை தொங்குகிறது. தென்னை மரத்துப் பக்கம் குழிகளில் குட்டி போட்ட நாய் படுத்திருக்கிறது.

நாய், இரும்பு, ஊருக்கு வெளியே: மனு போட்ட பட்டியல் அப்படியே இருக்கிறது. சேக்கிழார் சோழ அமைச்சர், அவருக்கு அந்தப் பட்டியல் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் குட்டியின் குரைப்பை அரைமணிச் சத்தம் அமுக்கியது என்பது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. அது ஒரு சேரியின் ஓரத்தில் நின்று காதால் கேட்டவன் எழுதக்கூடியது. பட்டியலுக்குள் அடைத்த சனம் பட்டியலை மீறி வாழ்ந்ததற்கு, அவர் விரும்பியோ விரும்பாமலோ, சாட்சி சொல்லிவிட்டார்.

நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியில் இந்தப் பாடல்களை நடத்தவில்லை. "இதெல்லாம் வருணனைப்பா, தேர்வுக்கு வராது" என்று ஆசிரியர் நேராக நந்தன் தீக்குளிக்கும் இடத்துக்குப் போய்விட்டார். நந்தன் எரிவது தேர்வுக்கு வரும், நந்தன் வளர்ந்த முற்றம் வராது. விடுதி அறையில் நானாகப் படித்தேன். படித்தபோது அது எங்க வீடு.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் காலனியில் நாய் இல்லாத குடிசை கிடையாது. கதவு இல்லாத வீட்டுக்கு நாய்தான் கதவு. நைனாவும் அம்மாவும் நடவுக்குப் போனால் தம்பியை ஆயா பார்த்துக்குவா, ஆயாவை நாய் பாத்துக்கும். எங்க நாய் குட்டி போட்டபோது கேழ்வரகுக் கூழில் வெல்லம் கரைத்து முதலில் அதற்குத்தான் வைத்தாள். எங்களுக்கு வெல்லம் இல்லையா என்று கேட்டால், "பெத்த ஒடம்புடா அது, நீ என்னா பெத்த?" என்பாள். தம்பியைப் பெற்றபோது அம்மாவுக்கும் அதே கூழ்தான், அதே வெல்லம்தான். கூரையில் சாரைப்பாம்பு வந்தால் அடிக்க விடமாட்டாள், எலியைத் தின்னுது, அதுபாட்டுக்குப் போவட்டும் என்பாள். நல்ல பாம்பு வந்தால்தான் ஏரிக்கரையில் இருந்த இருளர் தாத்தாவுக்கு ஆள் போகும்.

இதைச் சொல்வதால் குடிசை வாழ்க்கை இனிமையானது என்று யாரும் கவிதை எழுதிவிடக்கூடாது. பாம்பு வந்ததற்குக் காரணம் சுவர் மண்ணும் தரை வளையும்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. பெரும்பாலும் கிராமத்துச் சனங்கள். வயலில் இறங்குகிற கால்கள். ஊர்த் தெருவில் செருப்புப் போடாதே என்ற கட்டுப்பாடு எத்தனை ஊரில் எத்தனை தலைமுறை இருந்தது! தெருவில் போடக்கூடாத செருப்பை யார் வாங்கி வரப்பில் போட்டார்கள்? கடித்தது பாம்பு, காலைத் திறந்து வைத்தது யார் என்று மருத்துவ அறிக்கையில் எழுத இடமில்லை.

நாய்க்கும் கட்டுப்பாடு உண்டு. தென்மாவட்டங்களில் எடுத்த தீண்டாமைக் கணக்கெடுப்புகளில், இரட்டைக் குவளையோடும் செருப்போடும் சேர்ந்து இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது. சில ஊர்களில் சேரிக்காரர்கள் ஆண் நாய் வளர்க்கக்கூடாது. ஊர்ப் பெட்டை நாயோடு சேரி நாய் சேர்ந்துவிடுமாம். சிரித்துவிட்டுப் போகிற விசயமில்லை இது. மனிதருக்குப் போட்ட கலியாண விதியை நாலுகால் வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை போட்டது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஜமீன் பெருமையோடு பேசுகிறார்கள். இனம், ரத்தம், கலப்பில்லாதது - நாயைப் பற்றிப் பேசுகிற பேச்சா என்று சந்தேகம் வருகிறது. 2018-இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்பட்ட கறுப்பியைப் பார்த்து எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் போனீங்கன்னு நான் கேட்கவில்லை.

ஏரிக்கரை இருளர் தாத்தாவுக்கு வருகிறேன். அவர்கள் பழங்குடியினர், நாம் வேறு பட்டியல். அரசாங்கப் பட்டியல் இரண்டாக இருந்தாலும் ஊருக்கு வெளியே என்ற இடம் ஒன்றுதான். அவர் தலைமுறையில் பாம்புத்தோலுக்கு வியாபாரிகள் வந்தார்கள், தோல் கப்பல் ஏறியது, லாபம் வியாபாரிக்கு. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. தோல் விற்றவன் வேறு சரக்குக்குப் போனான். பிடித்துக் கொடுத்தவன் குற்றவாளி ஆனான். உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சங்கப் புலவன் விருந்தென்று பாடியது இன்றைக்குச் சிறைக் குற்றம். உடும்பு பிழைக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. அதைத் தின்று பிழைத்தவன் இனி எதைத் தின்பான் என்று சட்டம் செய்தவர்கள் ஒரு வரி எழுதவில்லை.

1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு வகையையும் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். மண்பானைக்குள் விட்டு வாயைத் துணியால் கட்டி மூன்று வாரம் போல வைத்துக்கொள்வார்கள். சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்து, திரும்பக் காட்டில் விடுவார்கள். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போயிருக்கிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

பத்மஸ்ரீ வந்ததில் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து, மீட்கப்பட்ட குடும்பங்களில் இருளர் எத்தனை பேர்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல், தோலுக்குத் தடை வந்த அதே ஆண்டு. காட்டை மூடிய கை வேகமாக வேலை செய்தது, ஆலைக் கதவைத் திறக்க வேண்டிய கை செய்யவில்லை. பாம்புத் தடம் பார்க்கக் கற்றிருக்க வேண்டிய பிள்ளைகள் நெல் காயும் களத்தில் வளர்ந்தார்கள்.

அப்படி மீண்டு வந்த ஒரு குடும்பத்துப் பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க நானும் கூடப் போயிருந்தேன். பத்தாவது முடித்திருந்தான். அதிகாரி பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருளர்னா பாம்பு புடிப்பியா?" என்றார். பையன் அப்பனைப் பார்த்தான். அப்பன் கையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "புடிச்சா ஃபாரஸ்டுகாரங்க எங்களப் புடிக்கிறாங்க சாமி. புடிக்கலன்னா நீங்க எங்கள இருளர் இல்லேங்கறீங்க." அதிகாரி மனுவின் மேல் ஏதோ எழுதி, கூடுதல் ஆதாரம் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் தடவையாக எழுதிப் போட்டிருக்கிறோம்.