ரசமட்டம் வைக்காத இடம்

செம்பூருக்கு முதலில் வந்த ரயில் குப்பை ரயில். பம்பாய்த் தீவின் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதற்காக 1906-இல் குர்லாவிலிருந்து அங்கே தடம் போட்டார்கள். ஆட்கள் ஏறிப் போவதற்கு 1924 வரை ஆயிற்று. அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஊர்க்குப்பை ஊருக்குள்ளேயே கிடந்த சதுப்புகளுக்குப் போனது. மகாலட்சுமி, பைகுல்லா பக்கத்துத் தாழ்நிலங்கள் பல, தெருவில் பெருக்கி அள்ளியதைக் கொட்டியே மேடானவை. தாராவியில் கழிமுகச் சேற்றைக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தூர்த்துக் குடியேறியவர்களில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் எத்தனையோ பேர். ஆக, இந்த வட்டாரத்தில் தரையைச் சமப்படுத்தியதே குப்பைதான். அந்தத் தரைமேல், சமதளம் இல்லாவிட்டால் நிற்க முடியாத ஒரு பொருளாகக் குப்பைத்தொட்டி பின்னால் வந்து சேர்ந்தது. தெருத்தொட்டி ஏன் தோற்றது என்று கேட்டால் எல்லாரும் ஜனங்களின் பழக்கத்தைத்தான் சொல்கிறார்கள். தொட்டி நின்ற தரையையும் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

தொட்டி முதலில் தெருவுக்காகப் பிறந்ததல்ல. 1883-இல் பாரிஸில் எழேன் புபெல் என்ற ஆட்சியர், கட்டட உரிமையாளர் ஒவ்வொருவரும் தம் குடியிருப்போருக்குத் தொட்டி வைத்துத் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார். (குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் கொதித்தார்கள், பிரெஞ்சு மொழியோ அவர் பெயரையே தொட்டிக்கு வைத்துவிட்டது.) அந்தத் தொட்டிக்கு ஓர் உடையவர் இருந்தார், வண்டி வரும் நேரத்துக்கு அதை வாசலில் கொண்டுவந்து வைக்க ஆளும் இருந்தது. 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் வேலையை இரண்டாகப் பிரித்தது: தொட்டியும் இடமும் ஏற்படுத்துவது கமிஷனர் பொறுப்பு, அதில் கொண்டுவந்து போடுவது வீட்டுக்காரர் கடமை. அப்படித் தொட்டி தெருவுக்கு வந்தது. தெருவின் தரைக்கு அப்படி உடையவர் யாரும் இல்லை.

பம்பாயின் மாட்டுங்காவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1896-இல் பிளேக் வந்து, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்து, முதலில் சாலையும் சாக்கடையும் திட்டமிட்டு, பிறகு வீடு கட்டிய பகுதி அது. புறநகரான டோம்பிவிலியில் வரிசை தலைகீழ். ரயில் நிலையம் 1887-லேயே வந்துவிட்டது, தொழிற்பேட்டை 1964-இல் வந்தது, கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி 1983-இல்தான் பிறந்தது. நெல்வயல்களை மனையாக்கியவர்கள் அவரவர் மனைக்கு அவரவர் முரும் என்கிற சரளைமண்ணைக் கொட்டி உயர்த்திக்கொண்டார்கள். மனைக்கும் மனைக்கும் நடுவே பள்ளமாக எஞ்சியதுதான் தெருவோரம். போதாக்குறைக்கு, சுற்றியிருந்த 27 கிராமங்கள் 1983-இல் மாநகராட்சிக்குள் வந்து, 2002-இல் வெளியேறி, 2015-இல் மீண்டும் உள்ளே வந்தன. ஒரு மண்ணுக்கு நிர்வாகியே நிலையில்லை என்றால், அங்கே ரசமட்டம் வைத்துப் பார்ப்பது யார்?

இப்படிப்பட்ட இடத்தில் நாலு சக்கரத் தொட்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கலாம். 1100 லிட்டர் கொள்ளளவு. நம் ஊர் ஈரக்குப்பை நிரம்பினால் முந்நூறு கிலோவை எளிதாகத் தாண்டும். ஐரோப்பாவின் கெட்டியான தளத்துக்காக வடிவமைத்த பொருள் அது. சரிவில் நின்றால் பாரத்தில் பெரும்பங்கு பள்ளத்துப் பக்கச் சக்கரம் இரண்டில் இறங்கும். சக்கரத்துக்கு அரைச் செங்கல்லை முட்டுக்கொடுப்பார்கள். ஒரு மழையில் செங்கல் புதையும், தொட்டி சாயும், உடல் முறுக்கிக்கொண்டு மூடி பொருந்தாமல் போகும். சாறு பள்ளத்துப் பக்கமே ஒழுகிச் சேறாகும். சேற்றில் கால் வைக்க யாருக்கு மனம் வரும்? நாலடி தள்ளி நின்று பையை வீசுவார்கள். வண்டி வரும்போது சேற்றில் பதிந்த சக்கரம் நகராது. தூக்கும் கொக்கிவரை இழுத்துப்போக முடியாமல் துப்புரவுத் தொழிலாளி கையாலேயே அள்ளுவார். கான்கிரீட் மேடை போட்ட இடத்திலும் பாதிக் கதை இதுதான்: சாலைக்குமேல் சாலை போட்டு உயர்த்தியதும், மேடாக இருந்தது குழியாகிவிடுகிறது.

பழக்கம்தான் காரணம் என்பவர்களுக்கு என் பதில்: நாலடி தள்ளி நின்று வீசும் அதே ஆள், தன் கட்டடத்தின் தளம் போட்ட மூலையில் நிற்கும் டிரம்மில் ஒழுங்காகத்தான் போடுகிறார். மூடியைத் திறந்துகூடப் போடுகிறார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. குப்பையைக் கையாளத் தவறியதற்காக 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சி எல்லையில் புதுக் கட்டுமானங்களுக்கே தடை போட்டது. 2020 மே மாதம் சுழியக் குப்பை இயக்கம் தொடங்கித் தெருத்தொட்டிகளை அகற்றினார்கள். மறு ஆண்டு ஆதார்வாடிக் குப்பைமேட்டில் கொட்டுவதும் நின்றது. தொட்டியே வேண்டாம் என்றான பிறகு மேடைபற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். வீடு வீடாக வாங்குவதே சரி. 2016-ஆம் ஆண்டின் மத்திய விதிகளும் அதைத்தான் கூறின. ஆனால் அந்த முறை கதவு இருக்கிற இடத்துக்குத்தான் போகும். ரயில் நிலைய வாசலுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் காய்கறிக் கடைத்தெருவுக்கும் ஏது கதவு? அங்கெல்லாம் தொட்டி வேண்டியிருக்கிறது, அதன் அடியில் சாக்கடைப் பக்கம் லேசாகச் சாய்ந்த, சாலையைவிட ஒரு விரற்கடை உயர்ந்த, சக்கரம் ஏறி இறங்கச் சரிவு வைத்த தளமும் வேண்டியிருக்கிறது. ஒரு கொத்தனாருக்கு ஒருநாள் வேலை.

தொட்டி வாங்க டெண்டர் விடும் பொறியாளர், அதற்கு முன் அந்த இடத்துக்கு ஒரு ரசமட்டத்தோடு போய்விட்டு வரட்டும். மழைக்காலத்தில் போனால் ரசமட்டம்கூட வேண்டாம். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தாலே போதும்.