குழாயில் ஒட்டிய வெள்ளை மெழுகு

ஆல்கீன்களில் மிகச் சிறியது எத்திலீன். இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். கார்பன்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. வாழைத்தாருக்கு மூட்டம் போடும்போது காயைப் பழுக்கவைப்பது புகையிலுள்ள இந்த வாயுதான். இரட்டைப் பிணைப்பில் ஒன்று இறுக்கமானது, மற்றது எளிதில் அவிழக்கூடியது. அவிழ்ந்த மூலக்கூறு அடுத்ததைப் பற்றிக்கொண்டே போனால் நீண்ட சங்கிலி கிடைக்கும். ஏட்டில் எளிதான இந்த வினை ஆய்வகத்தில் அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை.

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், வின்னிங்டனில் இருந்த ஐ.சி.ஐ. வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்டு கிப்சனும் 1933 மார்ச்சில் எத்திலீனையும் பென்சால்டிகைடையும் சேர்த்து, ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் 170 டிகிரிக்குச் சூடாக்கினர். இரண்டும் கூடி வேறொரு சேர்மம் தரும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்ததோ குழாயில் ஒட்டிய வெள்ளை மெழுகு, அரை கிராம்கூடத் தேறாது. மறுபடி செய்தபோது கலம் வெடித்தது. வேலை கிடப்பில் போடப்பட்டது.

1935 டிசம்பரில் மைக்கேல் பெர்ரின் குழுவினர் மீண்டும் முயன்றனர். கருவியில் கசிவு, அழுத்தம் இறங்கியது. ஈடுகட்டப் புதிதாக எத்திலீனைச் செலுத்தினர். இம்முறை அதே வெள்ளைப் பொருள், அதாவது எத்திலீன் சங்கிலியான பாலித்தீன், சுமார் 8 கிராம் கிடைத்தது. புதிய வாயுவில் கலந்திருந்த துளி ஆக்சிஜனே வினையைத் தொடங்கிவைத்தது என்பது பின்னர்தான் புரிந்தது. அது குறைந்தால் சங்கிலி தொடங்காது, மிகுந்தால் கலமே வெடிக்கும். ஓட்டைக் கருவிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்டம்பர் 1 அன்றே வணிக உற்பத்தி தொடங்கியது. ரேடார் கம்பிகளுக்கு உறையாகவே பாலித்தீன் முதலில் பெயர் பெற்றது. 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர், அலுமினிய, டைட்டானியச் சேர்மங்களை வினையூக்கியாக்கிச் சாதாரண அழுத்தத்திலேயே அதைச் செய்து காட்டினார். விலை இறங்கியது, கம்பிக்கு உறையாக இருந்தது கடைக்காரர் இலவசமாகத் தரும் பையாயிற்று.

சங்கிலியான பின் பாலித்தீனில் இரட்டைப் பிணைப்பு அநேகமாக மிஞ்சுவதில்லை. எஞ்சுபவை ஒற்றைப் பிணைப்புகள். நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு அவற்றில் பிடி கிடைப்பதில்லை. அமிலம் அரிக்காத, தண்ணீர் ஊறாத அதே குணம்தான் குப்பைமேட்டிலும் பையைக் காத்து நிற்கிறது. காற்றில்லாமல் சூடாக்கினால் சங்கிலி அறுபடும். ஆனால் கண்ட இடத்தில் அறுபடுவதால் எண்ணெயும் மெழுகும் வாயுவும் கலந்து வரும், தூய எத்திலீன் திரும்பாது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் அறுப்பதை விட்டு உருக்குவதைத் தேர்ந்தார். துண்டாக்கிய பைகளைச் சுமார் 170 டிகிரியில் காய்ந்த சரளைக்கல்லில் தூவினால், அரை நிமிடத்தில் உருகிக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். தார் அதன்மேல் அழுத்தமாக ஒட்டும். வின்னிங்டனில் பாலித்தீன் பிறந்ததும் ஏறக்குறைய இதே சூட்டில்தான். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே இப்படிச் சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பி.வி.சி.க்கு மட்டும் இதில் இடமில்லை: சூடேறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும்.