அமினிய மது: தமிழகக் கரைக்கு வந்த இத்தாலியத் தேறல்

அமினிய மது என்பது பண்டைய இத்தாலியில் 'அமினியா' என்னும் திராட்சை வகையிலிருந்து வடிக்கப்பட்ட மது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் கப்பலேற்றப்பட்ட மது வகைகளுள் இதுவும் ஒன்று. யவனர் கொண்டுவந்ததாகச் சங்க இலக்கியம் கூறும் தேறல் எத்தகையது என்பதை ஆராய்வதற்கு இது ஒரு முக்கியத் தடயம்.

திராட்சையும் மதுவும்

அமினியா வெள்ளைத் திராட்சை வகை எனக் கருதப்படுகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் காட்டோ எழுதிய வேளாண்மை நூலில் இதன் பெயர் உள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மூத்த பிளினி, திராட்சை வகைகளுள் இதற்கே முதலிடம் தந்தார். இதன் மது நெடுநாள் கெடாமல் இருந்ததும், வைக்க வைக்கச் சுவை கூடியதும் அதற்குக் காரணங்கள்.

புகழ்பெற்ற பலேர்னிய மது தென் இத்தாலியின் கம்பானியாப் பகுதியில் விளைந்தது. அதுவும் அமினியாவிலிருந்து வடிக்கப்பட்டதாகப் பலர் கருதுகின்றனர். பலேர்னிய மதுவில் இனிப்பற்றது, இனிப்பானது, மென்மையானது என மூன்று வகைகள் இருந்ததாகப் பிளினி குறிப்பிடுகிறார். இன்று அமினியா என்ற பெயரில் திராட்சை எதுவும் பயிரிடப்படுவதில்லை. கம்பானியாவில் இப்போது இனிப்பற்ற வெள்ளை மது தரும் பலாங்கினா, கிரெக்கோ ஆகிய வகைகளை அதன் வழிவந்தவை என்று கூறுவது உண்டு. அது உறுதிப்படவில்லை.

கடல்வழி

இத்தாலியிலிருந்து மது முதலில் அலெக்சாந்திரியாவை அடைந்தது. அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே கொப்தோஸ் நகருக்குச் சென்றது. கொப்தோசிலிருந்து பெரனிகேக்குப் பாலைவனப் பயணம் 12 நாள் என்றும், செங்கடல் வாயிலில் இருந்து முசிறிக்குப் பருவக்காற்றில் 40 நாள் என்றும் பிளினி எழுதியுள்ளார். 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், குசராத்தின் பரிகாசாவில் இத்தாலிய மதுவே முதன்மையாக விரும்பப்பட்டது என்கிறது. முசிறிப் பகுதிக்கும் மது வந்தது, ஆனால் மிகுதியாக அல்ல என்றும் அந்நூல் கூறுகிறது.

பெரனிகேயின் பழைய குப்பைமேட்டில் சுங்கச் சீட்டாகப் பயன்பட்ட எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் பல கிடைத்தன. கப்பலில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட பொருள்களில் மதுவே அவற்றில் மிகுதி. இத்தாலிய மது, அமினிய மது, லவோதிக்கேய மது எனப் பல வகைகள் அவற்றில் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன.

இலக்கியச் சான்று

யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊற்றித்தரப் பாண்டியன் அருந்துவதை நக்கீரரின் 56ஆம் புறநானூற்றுப் பாடல் கூறுகிறது. பாட்டுடைத் தலைவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். தேறல் என்பது தெளிந்த மதுவைக் குறிக்கும் சொல். உள்நாட்டு மதுவுக்கும் அது வழங்கியது. எனவே அச்சொல்லைக் கொண்டு மட்டும் திராட்சை வகையையோ நிறத்தையோ முடிவு செய்ய இயலாது. அது அரசவைக்குரிய அரிய பொருளாக இருந்தது என்பது மட்டும் தெளிவு.

அகழாய்வுச் சான்று

மதுவைக் கொண்டுவந்த கலம் 'ஆம்போரா' எனப்படும் இரு கைப்பிடிச் சாடி. ரோமானிய அளவில் ஓர் ஆம்போரா சுமார் 26 லிட்டர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகளில் இவற்றின் உடைசல்கள் கிடைத்தன. அங்கு கிடைத்த மதுச் சாடிகளுள் பெரும்பங்கு கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளும் அவற்றின் வடிவைப் பின்பற்றியவையும் ஆகும். 2007 முதல் அகழப்பட்ட கேரளத்தின் பட்டணத்தில் கம்பானியாவின் சாடித் துண்டுகளும் உள்ளன. எரிமலை மணல் கலந்த களிமண் அவற்றின் பிறப்பிடத்தைக் காட்டுகிறது.

முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய், கொடுமணல், கரூர் வழியாக ஒரு பெருவழி காவிரிக்கரையின் உறையூரை அடைந்தது. இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாக உள்ள உறையூரே பெரிப்ளூஸ் கூறும் 'அர்காரு' என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். அந்நூல் இவ்வூரைச் சொல்வது மதுவுக்காக அல்ல, மெல்லிய துணிக்காக. சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டியும், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும், ரூலெட் மட்கலங்களும் கிடைத்தன.

மாறிய முடிவுகள்

ரூலெட் மட்கலம் ஒருகாலத்தில் ரோமானிய இறக்குமதி எனக் கருதப்பட்டது. அது இந்தியாவில் செய்யப்பட்டது என்பது பிற்கால ஆய்வு. அதுபோல, சாடி கிடைத்த இடமெல்லாம் ரோமானிய மது வந்தது என்ற கருத்தும் மாறியுள்ளது. சில சாடிகளில் ஆலிவ் எண்ணெயும் மீன் குழம்பும் வந்தன. ஆம்போரா எனப்பட்ட சில துண்டுகள் மெசபத்தோமியச் சாடிகள் என ராபர்ட்டா டோம்பர் அடையாளம் கண்டார்.

நன்மாறன் அருந்தியது அமினிய மதுவே எனக் கூற நேரடிச் சான்று இல்லை. ஆனால் அந்த மது இந்தியக் கடல்வழியில் கப்பலேறியது என்பதற்குப் பெரனிகேயின் ஓடுகளும், அது விளைந்த கம்பானியாவின் சாடிகள் மேற்குக் கரைக்கு வந்தன என்பதற்குப் பட்டணத்தின் துண்டுகளும் சான்றாக உள்ளன.